ஓரத்தில் நின்ற மாடு

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் அண்ணனுக்கு மட்டும் கொஞ்ச நாள் இருமல். மருந்து கசக்கிறது என்று அவர் போட்ட கூச்சலில் இருமலே பயந்து ஓடிவிட்டது. அந்தக் குளிரில் உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? மாட்டுத் தீவனக் கடைக்கு மேலே அறை கிடைத்ததாக எழுதியிருந்தாய். தவிட்டு வாசனையிலேயே தூங்கி எழுந்து, காலையில் வாயைத் திறந்தால் ‘அம்மா’ என்று கத்தாமல் இருந்தால் சரி.

காலண்டருக்கான உன் முதல் கட்டுப் படங்கள் வந்தன. அச்சகத்தில் என் மேஜைமேல் பரப்பியதும் பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்தார்கள். அந்த ஏரிக்கரைப் படம்! முக்கால்வாசி புல்மேடு, மேலே ஒரு கீற்று வானம், கீழ் மூலையில் மூன்று மாடுகள், நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் படம். மேலாளர்கூட ‘ம்’ என்றார். அவர் வாயிலிருந்து ‘ம்’ வருவது உனக்குத் தெரியாதா, மற்றவர்கள் மாலை போடுவதற்குச் சமம்.

ஆனால் இடது ஓரத்தைப் பார்த்தாயா? நாலாவதாக ஒரு மாடு. ஒரு வால், இரண்டு பின்னங்கால், பாதி வயிறு, அவ்வளவுதான். குட்டி பார்த்துவிட்டு, “அம்மா, மீதி மாடு எங்கே?” என்று கேட்டாள். நான் ‘ட’ போல வெட்டிய இரண்டு அட்டைகளைப் படத்தின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, அந்தப் பாதி மாட்டை வெட்டி எறிந்தேன். படம் பிழைத்தது. குதிரைப் படத்திலும் வலது ஓரத்தில் ஒரு வாளியும் யாருடைய முழங்கையோ. அதையும் வெட்டினேன். எல்லாவற்றையும் நான் வெட்டிக்கொண்டே போனால், பன்னிரண்டு தாள் காலண்டர் தபால்தலை அளவுக்குத்தான் வரும். அழுத்துவதற்கு முன்னால் ஓரத்தைப் பார்.

அண்ணன் ஓட்டுகிற பஸ்ஸில் இடது பக்கம் மறுபடியும் கீறல். “தூண் தானா வந்து இடிச்சுது” என்கிறார். அப்படியானால் மெமோவைத் தூணுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன். இப்போதெல்லாம் ராத்திரி டிரிப் எடுப்பதில்லை. மாலையில் வீட்டிலேயே இருந்து குட்டிக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். எனக்கு அது போதும்.

முன்னட்டைக்குச் சாயங்காலம் மாடுகள் கொட்டகைக்குத் திரும்புகிற படம் வேண்டும் என்று மேலாளர் கேட்கிறார். மறந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். நெஞ்சு சௌக்கியம். இன்னும் ‘அம்மா’ என்று கத்தவில்லை. கத்தினால் இங்கே பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அண்ணனுக்கு இருமல் விட்டதில் சந்தோஷம். குட்டியிடம் மீதி மாடு புல் மேயப் போயிருக்கிறது என்று சொல்லுங்கள்.

நீங்கள் திட்டியது சரிதான். ஆனால் மாடு என்ன ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையா, ‘கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க’ என்று சொல்ல? கடைசி நொடியில் உள்ளே நுழைந்துவிடுகிறது. ஒரு ஆடு தலையைக் குனிந்தால் மந்தை முழுக்கக் குனிகிறது. அப்புறம் படத்தில் ஆடு எங்கே இருக்கிறது, கம்பளி மூட்டைதான். காலையிலிருந்து ஒரே இடத்தில் கேமராவோடு நிற்பேன். மேடு ஒரு பக்கம், வேலி ஒரு பக்கம், மேகம் ஒரு பக்கம், எல்லாம் கூடி வரும்போது மாடு படுத்துவிடும்.

இந்தப் பண்ணையை நடத்துகிறவர் ஒரு அம்மாள். உயரம், உரத்த குரல். முதல் நாளே கேட்டார்: “ஏன் தம்பி, படம் எடுக்க மாடு வந்து நிக்கணுமா, மாடு நிக்கிற எடத்துக்கு நீங்க போவீங்களா?” போவேன் என்றேன். “அப்பக் காளை நிக்கிற பக்கம் மட்டும் போகாதீங்க” என்றார். நேற்று நான் அவருடைய பால் வாளியைத் தட்டிவிட்டேன். நிறைந்த வாளி, என் காலடியில்தான் இருந்தது. அதற்கப்புறம் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

சாயங்காலப் படம் பார்க்கலாம். இங்கே சாயங்கால வெளிச்சம் சரியில்லை.

உங்களுக்கும் அண்ணனுக்கும் என் அன்பு.

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலம்தானா என்று இந்தத் தடவை மரியாதைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

இரண்டாம் கட்டு வந்தது. பிரித்ததும் எனக்குத் திக்கென்றது. நடுவில் எல்லாம் அழகு. கன்றும் தாயும் வேலியோரம் நிற்கிற படத்தில் அந்தக் கன்றின் காதுமடலில் வெயில் ஊடுருவிச் சிவந்திருக்கிறதே, அதைப் பார்க்க உன்னைத் தவிர யாருக்கும் பொறுமை வராது. ஆனால் அதே படத்தில் வலது ஓரத்தில் டிராக்டர் சக்கரம். இடது ஓரத்தில் நாய் வால். செம்மறிப் படத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ். கோழிகள் இருக்கிற படத்தில் உன் கேமராப் பையே கிடக்கிறது, தம்பி!

மேலாளரிடம் காட்டுவதற்குள் வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். வெட்டினால் பாதி மிஞ்சுகிறது. பாதியை இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடைகிறது. அவர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. “உங்க கொழுந்தன்னு நாங்க கொடுத்த வேலை இல்லம்மா இது, படம் நல்லா இருக்கும்னு கொடுத்த வேலை” என்றார். பக்கத்து மேஜைகளில் எல்லோரும் திடீரென்று மும்முரமாக வேலை பார்த்தார்கள்.

உன்னிடம் ஒளிவுமறைவில்லாமல் கேட்கிறேன். குடிக்கிறாயா? யாராவது பெண்ணா? அவசரமா? தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க என்னால் முடியாது. என்ன என்று சொன்னால்தான் உனக்காகப் பேச முடியும்.

சாயங்காலப் படம் ஒன்றுகூட வரவில்லை. ஏன்?

அண்ணி


மே 6

அண்ணிக்கு வணக்கம்.

சுகம். குடிக்கவில்லை. பெண்ணும் இல்லை. இங்கே இருக்கிற பெண்களெல்லாம் நாலு காலில் நடக்கிறார்கள்.

சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிவிடுகிறது, அதனால்தான். மேலாளரிடம் சொல்லுங்கள்.

ஈரப் புல்லில் வழுக்கி விழுந்ததில் வலது கையில் கொஞ்சம் அடி. பயப்பட ஒன்றுமில்லை. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், இடது கையால் எழுதுகிறேன். படம் அனுப்பக் கொஞ்சம் தாமதமாகும்.

என் படங்களை அண்ணனிடம் காட்ட வேண்டாம்.

தம்பி


மே 14

அன்புள்ள தம்பி,

கை எப்படி இருக்கிறது? எலும்பா, சதையா? யார் கட்டுப் போட்டார்கள்? இவ்வளவும் கேட்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீ எதையும் எழுதுவதில்லை.

பனிமூட்டம் என்றாய். தீவனக் கடைக்காரருக்கு நம் அச்சகத்தில்தான் பை அச்சாகிறது. நேற்று அவரே தொலைபேசியில் பேசினார். இந்த மாதம் முழுக்க அங்கே சாயங்காலம் வானம் பளிச்சென்று இருக்கிறதாம். முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைக்கிறாய்?

இன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, உன்னுடைய இரண்டு கட்டுப் படங்களையும் நீளமேஜையில் வரிசையாக வைத்தேன். வெட்டுவதற்கு முன் இருந்தபடியே மறுபடி பிரதி எடுத்த முழுப் படங்கள். திட்டுவதற்காக ஒவ்வொரு குற்றத்தையும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். வட்டம் போட்டு முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தேன்.

நடுவில் ஒரு வட்டம்கூட இல்லை. எல்லாம் ஓரத்தில். இடமும் வலமும் மேலும் கீழும். முதல் கட்டில் ஓரத்தை ஒட்டி, இரண்டாம் கட்டில் இன்னும் கொஞ்சம் உள்ளே. அவசரக்காரன் செய்கிற தப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். குடிகாரன் செய்கிற தப்பில் படமே சாய்ந்திருக்கும். இது அப்படி இல்லை.

பால் வாளி காலடியில் இருந்தது என்று எழுதினாய். உனக்கு அது தெரியவில்லை, இல்லையா?

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உங்கள் அப்பாவுக்கு முழுவதுமாகப் பார்வை போயிருந்தது. இரும்பு ஆலையில் உலைச் சூட்டில் கண் வெந்துவிட்டது என்று அத்தை சொன்னார். பிள்ளைகள் இரண்டு பேரும் உலைப் பக்கமே போகக்கூடாது என்று சத்தியம் வாங்கினாராம். நீங்களும் போகவில்லை. அதனால் உங்களுக்கு ஒன்றும் வராது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

தம்பி, கண் மருத்துவரைப் போய்ப் பார். வழுக்கி விழுந்தாயா, என்ன நடந்தது என்று உண்மையை எழுது. பதில் வராவிட்டால் அச்சகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானே கிளம்பி வருவேன்.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதாமல் இத்தனை நாள் உங்களைப் பதறவிட்டதற்கு மன்னியுங்கள். கை கூடிவிட்டது. எலும்புதான். இது வலது கையால் எழுதுவது.

நான் வழுக்கி விழவில்லை. மேட்டில் கன்றுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். காளையை எப்போதும் வேறு பக்கம் கட்டுவார்கள். அன்றைக்குக் கயிறு அவிழ்ந்திருந்தது. பண்ணைக்காரம்மாள் கொட்டகையிலிருந்து கத்தினார், “தம்பி, வலது பக்கம்! வலது பக்கம்!” என்று. எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வெறும் புல்தான் தெரிந்தது. அடுத்த நொடி நான் வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தேன். அத்தனை பெரிய காளை, அண்ணி. ஒரு வீடு நடந்து வருகிற மாதிரி வரும். அது என் பக்கத்தில் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் அந்த அம்மாளே டாக்டரிடம் சொன்னார்: “கையை அப்புறம் பாருங்க. இவருக்குக் கண்ணு தெரியல.”

கண் டாக்டர் என்னை நேரே பார்க்கச் சொல்லிவிட்டு, “ஒரு பேனாவை உங்க காதுப் பக்கத்திலேருந்து முன்னாடி கொண்டு வருவேன். தெரிஞ்சதும் சொல்லுங்க” என்றார். நான் காத்திருந்தேன். “எப்போ ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டேன். “ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு” என்றார்.

கண்ணுக்குள் இருக்கும் திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வருகிறதாம். முதலில் இருட்டில் தெரியாது. அப்புறம் பக்கவாட்டில். நடுவில் மட்டும் தெளிவாக இருக்கும், அதனால் ஆளுக்கே ரொம்ப நாள் புரியாது. மருந்து இல்லை. முழுதாகப் போக வருஷங்கள் ஆகலாம். இருட்டில் தடுமாறுவது எனக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் கேமராவுக்குள் பார்க்கும்போது படம் முழுதும் எனக்குத் தெரிகிறது என்றுதான் சத்தியமாக நினைத்தேன்.

“வீட்டில் வேற யாருக்காவது?” என்று கேட்டார். அப்பாவுக்கு, ஆனால் அது உலைச் சூடு என்றேன். “அந்த உலை முன்னாடி நின்ன எல்லாருக்கும் போச்சா?” என்றார்.

“கூடப் பிறந்தவங்க?”

“ஒரு அண்ணன்.”

“என்ன வேலை பார்க்கிறார்?”

அண்ணி, அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ தடவை உங்களுக்கு எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்திருக்கிறேன்.

அண்ணன் ராத்திரி டிரிப்பை ஏன் விட்டார்?

தம்பி


ஜூலை 2

தம்பி,

உன் கை கூடியதில் சந்தோஷம். மற்றதைப் பற்றி உனக்கு ஆறுதல் எழுத வேண்டும். இன்றைக்கு முடியவில்லை. பொறுத்துக்கொள்.

உன் கடைசி வரியைப் படித்த பிறகு எனக்கு வீடே வேறு மாதிரித் தெரிந்தது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு ‘இந்த வீட்டைக் கட்டினவன் குள்ளன்’ என்று அவர் சிரிப்பது. தண்ணீர்த் தம்ளரை நான் பக்கத்தில் வைத்தால் ‘எங்கே’ என்று கேட்பது. எல்லாவற்றுக்கும் சிரித்தேனே, நானும் குட்டியும் சேர்ந்து சிரித்தோமே.

அவரிடம் கேட்கவில்லை. அச்சகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு, மூன்றாவது நிறுத்தத்தில் போய் நின்று அவருடைய பஸ்ஸிலேயே ஏறினேன். காலை நேரம், நிற்க இடமில்லை. பின்வாசலில் ஏறியதால் அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்டக்டர் உனக்குத் தெரிந்தவர்தான், நாம் ‘விசில்’ என்று கூப்பிடுவோமே. ஆனால் அவர் விசிலடிக்கவில்லை. டிக்கெட் கொடுப்பதும் ஏனோதானோதான். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் கூட்டத்தில் நுழைந்து நுழைந்து அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அப்போது கேட்டது.

“எடது பக்கம் சைக்கிள். ... போயிட்டான். ஓரத்துல ஒரு அம்மா, கையில புள்ளை. நில்லு. ... ஏறிட்டாங்க. போலாம். எடது பக்கம் வண்டி நிக்குது, ஒடிக்காத. இப்ப ஒடி.”

பாட்டு முணுமுணுக்கிற மாதிரி. யாரும் கவனிக்கவில்லை. பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர், மடியில் கூடையோடு ஒரு பெண். உன் அண்ணன் நேரே பார்த்துக்கொண்டு, அந்தக் குரலுக்குத் தகுந்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். விசில் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஒன்றும் பேசவில்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். பேசினால் அந்த நொடியில் அவர் குரல் நின்றுவிடும் என்று பயம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. “ரெண்டு பேர் சேர்ந்து ஒரு வண்டி ஓட்டுறோம், அதுல என்ன தப்பு?” என்றார். நான் உன் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கையால் காதைப் பொத்திக்கொண்டார். சின்னப் பிள்ளை மாதிரி. “டெப்போவுல மூச்சு விட்டே, அதோட நமக்குள்ள எதுவும் இல்லை” என்றார்.

தினமும் காலையில் அவர் படியிறங்கித் தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மதியம் தெருவில் ஆம்புலன்ஸ் போனால் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறேன். நீ அவருக்கு எழுது. என் பேச்சு ஏறவில்லை. உன் பேச்சாவது ஏறட்டும்.

அண்ணி


ஜூலை 10

அன்புள்ள அண்ணா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பேருமே நலமில்லை. அதை நாம் இரண்டு பேருமே மறைத்தோம்.

என்னைக் காளை முட்டியது உனக்குத் தெரிந்திருக்கும். நான் இன்னமும் படம் எடுக்கிறேன். இப்போது கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, விரலால் கண்ணாடிச் சட்டத்தைத் தடவுகிற மாதிரி, நாலு ஓரத்தையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் தடவிப் பார்த்த பிறகுதான் அழுத்துகிறேன். நேரமாகிறது. ஆனாலும் முடிகிறது. மாடு காத்திருக்கும் அண்ணா. காத்திராவிட்டால் ஒரு படம் கெட்டுப்போகும், அவ்வளவுதான். ஓரத்தில் வருவதை அண்ணி வெட்டிவிடுவார்கள். உன் சாலையோரத்தில் வருவதை யார் வெட்டுவது?

விசில் அண்ணனுக்கு ஒரு நாள் இருமல் வந்தால்? யாராவது சில்லறைக்கு அவரிடம் சண்டை பிடித்தால்?

கோபப்படு. என்னைத் திட்டு. ஆனால் வண்டியிலிருந்து இறங்கிவிட்டுத் திட்டு.

தம்பி


ஜூலை 21

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டியது.

எனக்கு எழுத வராது. வருகிற வரைக்கும் எழுதுகிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்த நாளிலிருந்து என் சக்கரம் ஒரு உயிர்மேல் ஏறியதில்லை. மாட்டைப் படம் பிடிக்கிறவன் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

இறங்கு என்று சுலபமாக எழுதிவிட்டாய். இறங்கி என்ன செய்ய? அப்பா சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, யார் நடந்து போனாலும் ‘யாரது, யாரது’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாரே. நீ அப்போது சின்னவன். அவரைக் கை பிடித்துக் கூட்டிப்போனவன் நான். அந்தக் கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியாது. குட்டியை நான் அப்படிப் பிடிக்க மாட்டேன்.

இதற்குப் பதில் எழுதாதே.

உன் கை சரியாகிவிட்டதா? வெந்நீர் ஒத்தடம் கொடு.

அண்ணன்


ஆகஸ்ட் 5

தம்பி,

அவர் அங்கே வந்தாரா? இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் எனக்குத் தந்தி கொடு. மற்றதெல்லாம் அதற்கப்புறம் படி.

நடந்ததைச் சொல்கிறேன். அவர் உனக்கு எழுதியதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போட்டார். அதற்கு மேல் காத்திருக்க என்னால் ஆகவில்லை. ஆனால் டெப்போவுக்குப் போகவும் காலெழவில்லை. விசில் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் மனைவி உள்ளே போய்விட்டார்.

“அவர் சோத்துல மண்ணைப் போடச் சொல்றீங்களாம்மா?” என்றார் விசில். கண்ணில் தண்ணீர்.

“நீங்க அவருக்கு நல்லது செய்றதா நெனைக்கிறீங்க. அன்னைக்கு அந்த வண்டியில நானும் நின்னேன். உங்க பொண்ணும் அதே வண்டியிலதானே காலேஜ் போறா?”

விசில் சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வண்டி எடுக்கும் முன்பு விசில் உன் அண்ணன் முன்னால் போய் நின்று சொன்னாராம்: “அண்ணே, இனிமே நான் பின்னாடிதான் நிப்பேன். மன்னிச்சுக்கங்க.” உன் அண்ணன் எஞ்சினைப் போட்டார். வண்டி நிறைய ஆள். டெப்போ கேட் வரைக்கும் மெதுவாக வந்தார். கேட்டுக்கு வெளியே காலைக் கூட்டம், சைக்கிள், தள்ளுவண்டி. அங்கேயே நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். பின்னால் வரிசையில் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தனவாம். எழுந்து திரும்பி, “வேற டிரைவர் வருவாரு, எல்லாரும் உக்காருங்க” என்று சொல்லிவிட்டு இறங்கி, வாட்ச்மேன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். “நீதானா?” என்று கேட்டார். நான்தான் என்றேன். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. குட்டியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகும்போது மட்டும் கூட வந்தார். பரிசோதித்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருஷா வருஷம் வாருங்கள் என்றார் டாக்டர். ‘இப்போதைக்கு’ என்றதும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நேற்றுக் காலையில் குட்டிக்குத் தலை வாரிவிட்டு, அவளிடம் மட்டும் “அப்பா வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டுப் போனவர் இன்னும் திரும்பவில்லை. சின்னப் பை ஒன்றைக் காணோம். ரயில் நிலையத்தில் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார், பஸ் நிலையத்தில் பார்த்ததாக விசில் சொல்கிறார். தனியாக, தம்பி. இருட்டினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. உன்னைத் தவிர அவர் போவதற்கு எனக்கு வேறு இடம் தோன்றவில்லை.

நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, சமையலறையில் நிற்க முடியவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் இங்கே இருக்கிறார். உயிரோடு, உடம்போடு, கோபத்தோடு. தந்தி இதற்கு முன்னால் வந்திருக்கும்.

உங்கள் கடிதமும் அவரும் ஒரே பால் வண்டியில் வந்து இறங்கினார்கள். வழியில் இரண்டு நாளும் ஸ்டேஷனில் இருட்டிவிட்டதாம். விடிகிற வரை பெஞ்சைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்து, விடிந்த பிறகு அடுத்த வண்டி ஏறி, மாறி மாறி வந்து சேர்ந்திருக்கிறார். நான் மேட்டில் செம்மறிகளுக்கு முன்னால் முக்காலி போட்டுக்கொண்டிருந்தேன். கீழே யாரோ ஒருவர் புல்வெளியில் நேராக நடந்து வருவது தெரிந்தது. பண்ணைக்காரம்மாள், “அய்யா, வேலி! வேலி!” என்று கத்தினார். அவர் போய்க் கம்பியில் மோதிய பிறகுதான் அண்ணன் என்று எனக்குத் தெரிந்தது. சட்டை கிழிந்தது. அம்மாள் என்னிடம், “இன்னொருத்தரா?” என்றார்.

முதல் நாள் முழுதும் நான் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார். நாலு ஓரத்தையும் பார்த்துவிட்டு நான் அழுத்துவதற்குள் ஆடுகள் கலைந்தன. மறுபடியும் நின்றேன். மறுபடியும் கலைந்தன. “எவ்வளவு நேரம்டா ஒரு படத்துக்கு?” என்று கேட்டார். அதுதான் முதல் பேச்சு.

பிறகு, “உனக்கு எவ்வளவு தெரியுது?” என்றார்.

இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் சட்டம் மாதிரி வைத்து, இவ்வளவு என்று காட்டினேன். “உனக்கு?”

அவர் தன் கைகளை உயர்த்தினார். நெருக்கினார். இன்னும் நெருக்கினார். என் சட்டத்துக்குள் அவருடைய சட்டம் இரண்டு வைக்கலாம், அண்ணி. அதற்குள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். இரண்டு கையையும் இறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

“கேட்டுக்கு வெளியில யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியலடா,” என்றார். “விசில் பேசாம நின்னதும், அத்தனை பெரிய ரோட்டுல எனக்கு ஒண்ணுமே இல்லை.” அப்புறம் அழுதார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. செம்மறிகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

இன்று காலை பண்ணைக்காரம்மாள் அவரிடம் பால் எடுக்கும் எந்திரத்தின் கோளாறைச் சொல்லி, எஞ்சின் தெரியுமா என்று கேட்டார். இப்போது கொட்டகையில் அதைப் பிரித்துப் போட்டிருக்கிறார். கையால் தடவியே எந்தத் திருகு தேய்ந்தது என்று சொல்கிறார். அம்மாளைத் திட்டுகிறார். அம்மாள் திருப்பித் திட்டுகிறார். குணமாகிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கட்டுப் படங்களை இத்தோடு அனுப்புகிறேன். கொஞ்சம்தான். ஆனால் ஓரம் சுத்தம். முன்னட்டைக்குச் சாயங்காலப் படம் என்னால் ஆகாது. காரணத்தை மேலாளரிடம் உள்ளபடியே சொல்லிவிடுங்கள். காலையில் மாடுகள் வெளியே போகிற படம் இருக்கிறது. அதை வேண்டுமானால் போடட்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கட்டும்.

இதை எழுதும்போது அண்ணன் எண்ணெய்க் கையோடு வந்து பக்கத்தில் நின்றார். நீயே அண்ணிக்கு இரண்டு வரி எழுதேன் என்றேன்.

“எனக்கு எழுத வராது. நீ எழுது. எனக்குக் கோபம் போகலைன்னு எழுது.”

எழுதினேன்.

“எழுதிட்டியா? படி.”

படித்தேன்.

“சரி. ஞாயித்துக்கிழமை பகல் வண்டியில வர்றேன்னு எழுது. ஸ்டேஷனுக்கு அவளை வரச் சொல்லு. அந்தப் படிக்கட்டு என் கண்ணுக்குத் தெரியாது.”

தம்பி